பகலில் காணாமல் போகும் விடுதி

சாரதாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் வீட்டு மெயின் சுவிட்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ‘சாரதா மகளிர் விடுதி’ என்ற பச்சைப் பலகை மாட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில், டெலிபோன் மேசைக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் கீழ்த்தளம் முழுக்க மின்சாரம் வரும், கீழே இழுத்தால் போய்விடும். தினமும் காலை பத்து மணி வாக்கில், பகல் வேலைக்குப் போகும் கடைசிப் பெண்ணும் கம்பெனி பஸ் ஏறிய பிறகு, சாரதா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்தக் கைப்பிடியைக் கீழே இழுப்பாள். முதல் ஷிப்ட் பெண்கள் திரும்பி வந்து காபி கேட்கும் நேரத்தில்தான் மறுபடி மேலே தள்ளுவாள்.

இதற்குக் காரணம் ஓர் அயர்ன் பாக்ஸ். ஒரு நாள் காலையில் பஸ் ஹாரன் கேட்டு ஓடிய பெண்ணொருத்தி அதை அணைக்காமல் சுடிதார் மேலேயே விட்டுவிட்டுப் போனாள். முதலில் சுடிதார் போயிற்று, பிறகு விரிப்பு, பிறகு மேசையில் பாதி. மீதிப் பாதியைச் சாரதா தூக்கிப் போடவில்லை. சாட்சியாக அங்கேயே நிறுத்திவைத்து, புதிதாகச் சேரும் பெண்களுக்கெல்லாம் காட்டினாள். விடுதி விதிகளில் முதல் விதி அன்று முதல் மெயினைப் பற்றியதாயிற்று.

இந்த விதியால் அதிகம் பாதிக்கப்பட்டவர் அவள் கணவர் ஏகாம்பரநாதன். ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு அவர் பஸ் ஓட்டினார். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சுற்றாத ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு மேலே பார்ப்பார். சில நாள் பார்த்துவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு பஸ்சிலேயே போய்ப் படுக்க ஆரம்பித்தார். பஸ்சிலும் காற்று வராது. ஆனால் அங்கே அணைத்துவைத்த ஃபேன் ஒன்று தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு இவரைப் பார்ப்பதில்லை.

சாரதா படப்பைக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் ஸ்ரீபெரும்புதூரில் இத்தனை பஸ்களும் இல்லை, லாட்ஜுகளும் இல்லை. கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தபோது, தெற்கத்திப் பக்கத்திலிருந்து பெண்கள் பெட்டியோடு வந்து இறங்கி, தங்க இடமில்லாமல் கோயில் வாசலில் நின்றார்கள். அப்படி நின்ற இரண்டு பேரை அவள் ஒரு வாரத்துக்கு என்று வீட்டுக்குள் சேர்த்தாள். அந்த ஒரு வாரம்தான் முதல் மாடியாக வளர்ந்தது. 2005-இல் செல்போன் சம்பந்தப்பட்ட கம்பெனிகள் பஸ் பஸ்ஸாகப் பெண்களை வேலைக்கு எடுக்கவும், அவள் துணிந்து இரண்டாம் மாடியும் கட்டினாள். அதற்குத் தனி மீட்டர் வரும்வரை கீழ்த்தளத்து மெயினிலிருந்தே கரண்ட் இழுத்திருந்தாள். கட்டில்கள் வந்தன, மெத்தைகள் வந்தன, பெண்கள் வரவில்லை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளின் மேல் முறத்தை வைத்து அவள் வடகம் காய வைத்தாள். பார்ப்பவர்களிடம், “வெயில் நல்லா படும்னுதான் கட்னேன்” என்றாள்.

அந்த இரண்டாம் மாடியைப் பார்க்கத்தான் பூர்ணிமா வந்தாள். சார்ஜர் செய்யும் புதுக் கம்பெனியில் பெண்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யும் அதிகாரி. இருபத்தைந்து வயதுதான் இருக்கும். எல்லா அறைகளையும் பார்த்தாள். குழாய்களைத் திறந்து மூடினாள். ஒரு வடகத்தை வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றாள்.

“எனக்குப் பிடிச்சிருக்கு மேடம். ஆனா முடிவு பண்றது ஹெட் ஆபீஸ். அவங்க டெல்லில இருக்காங்க. இங்க வந்தெல்லாம் பாக்க மாட்டாங்க, நெட்லதான் பாப்பாங்க. உங்க வெப்சைட் அட்ரஸ் குடுங்க.”

“அது இல்லியேம்மா.”

“மாசக் கடைசிக்குள்ள ரெடி பண்ணிடுங்க. ரெண்டு பேரு பேர்தான் அனுப்பறேன். ஒண்ணு நீங்க, இன்னொண்ணு உங்க தெருக்கோடில இருக்கற தணிகாசலம் சார். அவரு போர்டுலயே அட்ரஸ் போட்டிருக்காரு.”

சாரதா அன்று மாலை காய்கறி வாங்கப் போகும் சாக்கில் தணிகாசலத்தின் பலகையைப் போய்ப் பார்த்தாள். விடுதியின் பெயருக்குக் கீழே, சிவப்பில், மூன்று டபிள்யூ போட்டு ஒரு நீளமான வரி. இத்தனை நாளும் அதைப் பெயின்டர் போட்ட பூவேலை என்று நினைத்திருந்தாள்.

விடுதியில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் சுகப்பிரியா. வள்ளியூர்ப் பக்கம். டிப்ளமோ முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்துவிட்டு, இங்கே ஒரு கம்பெனி லைனில் நின்று நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். சாரதா கேட்டதும் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“இம்புட்டுதானா யக்கா? நெட்ல இலவசமாவே எடம் குடுக்கான். ரெண்டு நாள்ல போட்டுத் தாரேன்.”

“சொம்மா எவன்டி எடம் குடுப்பான்?”

“குடுக்கான்க்கா. எல்லாரும் வச்சிருக்காவ.”

இரண்டு நாளில் பக்கம் தயாராயிற்று. பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த பிரவுசிங் சென்டரில், தடுப்புப் பலகைக்குள் இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து பார்த்தார்கள். மேலே விடுதியின் படம் மெதுவாக இறங்கியது. முதலில் மொட்டை மாடி, பிறகு பலகை, பிறகு கேட். சாரதா தன் கேட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் படத்துக்குக் கீழே ஒரு கட்டம் மினுக்க ஆரம்பித்தது. அதில் சட்டை போடாத ஒரு வெள்ளைக்காரன் கண்ணடித்தான்.

“யாருடி இவன்?”

சுகப்பிரியா மவுஸை இங்குமங்கும் நகர்த்தினாள்.

“இங்கிலீஸ்ல இன்னாவோ எழுதிகீது. படி.”

“தனிமையா இருக்கீங்களா, உங்க ஊர்லயே ஆண் நண்பர்கள் காத்துக்கிட்டு இருக்காங்க, இங்கன அமுக்குங்கன்னு போட்டிருக்கான்க்கா.”

சாரதா அந்த வெள்ளைக்காரனை மேலும் கீழும் பார்த்தாள். கோபப்படவில்லை. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“இது அந்த ஜட்டிக் கம்பெனி வேலை” என்றாள்.

அது மூன்று வருஷம் முந்தைய கதை. ஏணியும் வாளியுமாக இரண்டு பேர் வந்து, விடுதியின் காம்பவுண்டு சுவருக்கு இலவசமாக வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்னார்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு விளம்பரம் மட்டும் எழுதிக்கொள்வார்களாம். சாரதா சரியென்று சொல்லிவிட்டுப் படப்பைக்கு ஒரு வளைகாப்புக்குப் போனாள். திரும்பி வந்தபோது மகளிர் விடுதியின் சுவர் நீளத்துக்கும் ஓர் ஆண்பிள்ளை, ஜட்டியோடு, இடுப்பில் கை வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். கேட் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு வாரம் பெண்கள் தலை நிமிராமல் பஸ் ஏறினார்கள். பிறகு சாரதா சொந்தச் செலவில் அவனை அழித்தாள். மழை பெய்தால் இப்போதும் ஒரு கால் மட்டும் லேசாகத் தெரியும்.

“சுவரு நம்மளுது, சுண்ணாம்பு அவனுது. அப்ப அவன் இஷ்டத்துக்குத்தான் எழுதுவான்” என்றாள் சாரதா. “சரி, இப்ப இந்தப் பக்கம் எங்கடி கீது?”

“நெட்லக்கா.”

“நெட்லன்னா எங்க? எந்த ஊர்ல, யாரு வூட்ல?”

சுகப்பிரியா யோசித்தாள். கோர்ஸில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. “பக்கம்னா சும்மா ஆகாசத்துல நிக்காதுக்கா. ஏதாச்சும் ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கணும். யாராச்சும் வந்து கதவத் தட்டுனா, அந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக் காட்டணும். இப்ப நம்ம பக்கம் அந்த இலவசக்காரன் கம்ப்யூட்டர்ல இருக்கு.”

“அப்படிச் சொல்லு. ஓசி வூட்ல குடி இருந்துகினு கீறோம். அதான் அவன் வெள்ளைக்காரன ஒட்டறான்.” சாரதா எழுந்தாள். “நம்ம வூட்லயே ஒரு கம்ப்யூட்டர் வச்சிக்கினா?”

“ஆகும்க்கா. கோர்ஸுல ஒருக்கா செஞ்சு காட்டுனாவ.”

சொந்த வீடு என்றதும் சாரதாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஊரில் பிராட்பேண்டு வந்த புதிது. டெலிபோன்காரர்கள் வந்து, பச்சை விளக்குகள் சிமிட்டும் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். போன் பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம் என்றார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர், ஏகாம்பரநாதனின் பஸ்சில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வந்தது. டெலிபோன் மேசையை ஒட்டிய ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்கும் கிரைண்டருக்கும் நடுவில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. சாரதா குங்குமம் வைத்தாள்.

சுகப்பிரியா வாராந்தர விடுமுறை நாள் இரண்டைத் தூங்காமல் கழித்துப் பக்கத்தை இந்தக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தாள். ஊரில் கரண்ட் போய்ப் போய் வரும் என்பதால், கரண்ட் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே எழுந்து வேலையைத் தொடங்கும்படி செய்திருந்தாள். அதில் அவளுக்குப் பெருமை.

“யக்கா, ஒண்ணே ஒண்ணுதான். இத மட்டும் ஆஃப் பண்ணிடக் கூடாது.”

“எவ தொடறான்னு பாக்கறேன்” என்றாள் சாரதா. கம்ப்யூட்டரின் பித்தான் மேல், ‘இதைத் தொடாதே. மீறினால் ரூம் காலி’ என்று எழுதி ஒட்டினாள். சொன்னபடியே அவளும் அதைத் தொடவில்லை, யாரையும் தொட விடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல மெயினை இறக்கினாள்.

அவளை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. மெயினை இறக்குவது அவள் கணக்கில் எதையும் அணைப்பது ஆகாது. அது வீட்டைச் சாத்துவது. சாத்திய வீட்டுக்குள்ளே இருப்பதெல்லாம் அதனதன் இடத்தில் பத்திரமாக இருக்கும் என்பதே அவள் எண்ணம். அரிசி இருந்தது, கிரைண்டர் இருந்தது. கம்ப்யூட்டரும் குங்குமத்தோடு இருந்தது.

மாலையில் பெண்கள் திரும்பி வந்ததும் எல்லோருமாக ஸ்டோர் ரூமில் நெருக்கியடித்துக்கொண்டு பக்கத்தைப் பார்ப்பார்கள். வெள்ளைக்காரன் இல்லாமல் சுத்தமாக இருந்தது. பூர்ணிமாவுக்கு முகவரி போயிற்று. சுகப்பிரியாவின் அண்ணன் வள்ளியூரில் ஒரு சாயங்காலம் பார்த்துவிட்டு, கேட்டுக்கு ஏன் பச்சை அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தான். அதைவிடப் பெரிய அத்தாட்சி சாரதாவுக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பூர்ணிமா போன் செய்தாள்.

“மேடம், உங்க வெப்சைட் வர மாட்டேங்குது.”

“நேத்து சாயந்திரம்கூடப் பாத்தேனேம்மா. நல்லா இருந்திச்சே.”

“டெல்லில நேத்து பகல் பூரா டிரை பண்ணாங்களாம். நானும் இப்ப பாத்துட்டுதான் பேசறேன்.”

“இருங்க, லைன்லயே இருங்க. நானே பாத்துச் சொல்றேன்.”

பார்ப்பதென்றால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வேண்டும். சாரதா மெயினை மேலே தள்ளினாள். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்திருக்க நேரமாயிற்று. அதுவரை பூர்ணிமாவிடம் டெல்லியில் சாப்பாடு எப்படி, ரொட்டியா சோறா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்டோர் ரூமில் எட்டிப் பார்த்தாள். பச்சைப் பலகையும் கேட்டும் திரையில் இருந்தன.

“இதோ கீதேம்மா. கல்லு மாரி கீது.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “ஆமா மேடம், வந்துடுச்சு. சாரி. எங்க நெட்தான் பிரச்சினை போல. டெல்லிக்குச் சொல்லிடறேன்.”

“பரவால்லம்மா” என்று பெருந்தன்மையோடு போனை வைத்துவிட்டு, சாரதா மெயினை இறக்கினாள்.

மறுநாளும் இதுவே நடந்தது. அதற்கு மறுநாளும். சாரதா பார்க்கும்போதெல்லாம் பக்கம் இருந்தது, டெல்லிக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் இல்லை. பூர்ணிமாவின் குரலில் மேடம் என்ற சொல் குறைந்துகொண்டே வந்தது. மாசக் கடைசியும் நெருங்கியது. சுகப்பிரியாவைக் கேட்டால், “சாயங்காலம் வந்து பாக்கேன், நல்லாத்தானேக்கா ஓடுது” என்றாள். நாலு மணிக்கு வருகிறவளுக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியென்றால் இது யாரோ செய்கிற வேலை. சாரதாவுக்கு ஒரே ஒரு பெயர்தான் தோன்றியது. தணிகாசலத்தின் மைத்துனர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தார்.

தணிகாசலம் தன் விடுதி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாரதா நேராகப் போய்ப் பேப்பருக்கு எதிரே நின்றாள்.

“அண்ணே, உங்க மச்சான் கையில சொல்லி இன்னா பண்ணிக்கினு கீறீங்க?”

“இன்னாம்மா ஆச்சு?”

“எங்க வெப்சைட்டு பகல்ல வர்றதில்ல. டெல்லிக்காரன் பாக்கறப்போ கரெக்டா புடுங்கி வுடறீங்க. உங்களுது மட்டும் ஜம்முனு வருதா?”

தணிகாசலம் பேப்பரை மடித்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “சாரதா, உள்ள வா, சொல்றேன்” என்றார். உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். “எங்களுது வர்றதே இல்லம்மா.”

“இன்னாண்ணே சொல்றீங்க? போர்டுல எழுதிகீதே.”

“அது பெயின்டர் எழுதனது. இப்பல்லாம் எல்லாரும் இது போடறாங்க சார், போட்டாதான் போர்டுக்கு எடுப்பா இருக்கும்னான். சரி போடுன்னேன். பேரு மட்டும்தான். பின்னாடி ஒண்ணும் கிடையாது. அந்தப் பூர்ணிமா பொண்ணு தினமும் போன் பண்ணி, வரலியே வரலியேங்குது. நான் தினமும் ரிப்பேரு ரிப்பேருன்னுகினு கீறேன்.” வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். “உனுக்கு எப்பவாச்சும் வருதில்ல?”

சாரதா வீட்டுக்கு நடந்தாள். பேர்ப்பலகை மட்டும் வைத்துக்கொண்டு வீடே கட்டாத மனிதரோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. பூர்ணிமா.

“மேடம், இதுதான் கடைசி. டெல்லில இருந்து மெயில் வந்திருக்கு. இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா ரெண்டு பேரும் வேணாம், மறைமலை நகர் பக்கம் பாக்கச் சொல்றாங்க.”

சாரதா மெயினைத் தள்ளினாள். கம்ப்யூட்டர் எழுந்தது. “இப்ப பாரும்மா.”

“வந்துடுச்சு. ஆனா இந்த வாட்டி நான் போனை வைக்க மாட்டேன். ஒவ்வொரு பக்கமா பாக்கறேன், நீங்க லைன்ல இருங்க. சாப்பாடு பக்கம், வருது. ரூம் போட்டோ, வருது.”

“எல்லாம் வரும்மா. நல்லாப் பாரு.” சாரதா ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டாள். பேச்சு முடிகிற மாதிரி இருந்தது. மணி பன்னிரண்டாகப் போகிறது. கீழ்த்தளத்தில் யாருமில்லை. ஸ்டோர் ரூமில் விளக்கு வேறு வீணாக எரிந்தது. “அவ்ளோதானேம்மா?” என்று கேட்டபடியே அவள் கை மேலே போயிற்று. டக்கென்று சத்தம் கேட்டது.

“விடுதி விதிகள்னு ஒண்ணு இருக்கே, அதையும் பாத்துட... ஐயோ, போயிடுச்சு மேடம்.”

“இன்னாது?”

“வெப்சைட். இப்பதான் இருந்துச்சு. திடீர்னு போயிடுச்சு.”

சாரதாவின் கை இன்னும் கைப்பிடியில் இருந்தது. அவள் கையைப் பார்த்தாள், திறந்திருந்த ஸ்டோர் ரூம் கதவைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். மெதுவாகக் கைப்பிடியை மேலே தள்ளினாள்.

“கொஞ்சம் இரும்மா.” கம்ப்யூட்டர் முனகி எழுந்தது. “இப்ப?”

“வந்துடுச்சு.”

சாரதா இழுத்தாள். “இப்ப?”

“போயிடுச்சு. மேடம், அங்க என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா. இங்க கரண்ட் கட்டு.”

“நானும் ஸ்ரீபெரும்புதூர்லதான் மேடம் உக்காந்திருக்கேன்.”

அன்று மாலை சுகப்பிரியாவை ஸ்டோர் ரூமுக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, சாரதா நடந்ததைச் சொன்னாள். சுகப்பிரியா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“யக்கா, நான்தான் ஆஃப் பண்ணக் கூடாதுன்னு சொன்னேம்லா.”

“நான் எங்கடி ஆஃப் பண்ணேன்? பட்டன் மேல பேப்பர் ஒட்டி வச்சிகினு கீறேன், பாரு.”

சுகப்பிரியா பேப்பரைப் பார்த்தாள். அது கிழியாமல் இருந்தது. முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு சாரதாவும் சிரித்தாள். சுகப்பிரியா சொன்னாள், “எனக்கும் தோணலையே யக்கா. மெயின் சுவிட்சு கோர்ஸுல வரல.”

மெயினை இறக்காமல் இருந்தால் தீர்ந்தது. ஒரு நாள் சாரதா அதையும் செய்து பார்த்தாள். பத்து மணிக்கு மேல் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாதி எரிந்த மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மோப்பம் பிடித்தபடி நாலு மணிவரை காவல் காத்தாள். இரண்டு முறை யாரும் சொருகாத அயர்ன் பாக்ஸைத் தொட்டுப் பார்த்தாள். மாலையில் சொன்னாள், “என் வூட்ல இது நடக்காதுடி. மெயினை அணைக்காத வூடா பாத்து இந்தப் பக்கத்த வாடகைக்குக் குடி வச்சிடு.”

அப்படி வாடகைக்கு இடம் கொடுப்பவர்கள் சென்னையில் இருந்தார்கள். சுகப்பிரியா விளம்பரத்தில் நம்பர் பிடித்துப் போட்டுக் கொடுத்தாள். பேசியவன் பெயர் பாபு. இத்தனை வருஷமாகக் குடிவருபவர்களைக் கேள்வி கேட்டே பழகிய சாரதா, முதல் முறையாகக் குடிபோகிறவளாகப் பேசினாள். ஆனாலும் கேள்விகளை அவளே கேட்டாள்.

“ஒரு கம்ப்யூட்டர்ல எத்தினி பேரு தம்பி?”

“ஷேர்டு பிளான் மேடம். ஒரு இருநூறு சைட் இருக்கும்.”

“இருநூறா? நாங்க ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல போட மாட்டோம்.”

“ஒருத்தர் இன்னொருத்தர் இடத்துக்குள்ள போக முடியாது மேடம். தனித்தனியா பூட்டியிருக்கும்.”

“விளம்பரம் ஒட்டுவீங்களா? வெள்ளைக்காரன், ஜட்டி, அந்த மாதிரி?”

பாபு கொஞ்சம் தடுமாறினான். “அதெல்லாம் இல்ல மேடம். வாடகை குடுக்கறீங்கல்ல.”

“வெப்சைட்டு பேரு என் பேரிலதானே? நாளைக்கு உங்க எடம் ஒத்துக்காம காலி பண்ணா, பேரைத் தூக்கினு வேற எடம் போயிடலாம்ல?”

“தாராளமா. பேரு வேற, இடம் வேற மேடம். இடம் மாறினா பேரை அங்க திருப்பி விடுவோம். திருப்பி விட்டது எல்லா ஊருக்கும் தெரிய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், அவ்வளவுதான்.”

“தெரியும். வூடு மாறினா தபால்காரனுக்கே ஒரு வாரம் ஆவுது.” கடைசிக் கேள்விக்கு வந்தாள். “பகல்ல மெயினை அணைப்பீங்களா?”

“எதை மேடம்?”

“மெயினை. கரண்ட.”

“கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கும் மேடம். அதுக்கும் மேல பேட்டரி இருக்கும். எப்பவும் அணையாது.”

“இருக்கும் இருக்கும்ங்கறீங்களே, நீங்க பாத்ததில்லியா?”

“கம்ப்யூட்டர் அமெரிக்காவுல இருக்கு மேடம். நாங்க அவங்ககிட்ட மொத்தமா எடுத்து, இங்க சில்லறையா விடறோம்.”

சாரதா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சுகப்பிரியாவிடம் திரும்பினாள். “உள்வாடகைக்கு விடறாண்டி” என்றாள். குரலில் மரியாதை கூடியிருந்தது. அந்தத் தொழில் அவளுக்குத் தெரியும்.

பக்கம் அமெரிக்கா போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், பத்து மணிக்குச் சாரதா மெயினை இறக்கினாள். விளக்கில்லாத கூடத்தில் நின்று பூர்ணிமாவுக்குப் போன் செய்தாள்.

“இருக்குதாம்மா?”

“இருக்கு மேடம்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“விடுதி விதிகள் வரைக்கும் வருது மேடம்.”

சாரதாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே ஏதோ ஒரு சின்ன மனத்தாங்கலும் இருந்தது. தன் கை படாமல், தன்னைக் கேட்காமல், தன் விடுதி எங்கேயோ விளக்கெரிய நின்றுகொண்டிருக்கிறது.

அடுத்த வாரம், காலை பதினொரு மணிக்குப் பூர்ணிமா நேரில் வந்தாள். டெல்லிக்காரர்கள் காலையிலும் பார்த்தார்களாம், மாலையிலும் பார்த்தார்களாம். எப்போது பார்த்தாலும் இருந்ததாம்.

“அது அப்படித்தாம்மா இருக்கும். எங்களுது எப்பவும் அணையாது” என்றாள் சாரதா, பனையோலை விசிறியால் அவளுக்கு விசிறிக்கொண்டே.

பூர்ணிமா நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். தலைக்கு மேலே பார்த்தாள். “வெப்சைட் நல்லா ஓடுது மேடம். ஃபேன்தான் ஓடல.”

“இந்த நேரத்துல மெயினை இறக்கிடுவோம். எங்க முதல் விதியே அது.”

“படிச்சேன். இரண்டாம் மாடிக்கும் இந்த மெயின்தானே? முதல்ல வந்தப்போ அதுக்கு இன்னும் தனி மீட்டர் வரலைன்னு சொன்னீங்க.”

“ஆமாம்மா.”

“வரப்போற பொண்ணுங்க எல்லாம் நைட் ஷிப்ட். காலைல வந்து படுத்து, சாயந்திரம்தான் எழுந்திருப்பாங்க. அவ்வளவு நேரமும் ஃபேன் இல்லாம எப்படித் தூங்குவாங்க? டெல்லி ஓகே சொல்லிடுச்சு மேடம். ஆனா இதுக்கு நான் ஓகே சொல்ல முடியாது.”

சாரதா விசிறியை நிறுத்தினாள். மேலே தனி மீட்டருக்கு எழுதிப் போட்டிருந்தாள். அது எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. எதிரே பாதி மேசை நின்றது. அதற்கு மேலே இரும்புப் பெட்டி. இரண்டையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே பஸ் வந்து நின்று, ஏகாம்பரநாதன் உள்ளே நுழைந்தார். தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினார்.

“எங்கியோ அமெரிக்காவுல ஒருத்தன்” என்றாள் சாரதா, யாரிடம் என்றில்லாமல். “இருநூறு பேர வச்சிகினு கீறான். ஒரு நாளும் அணைக்கறதில்லியாம்.”

எழுந்து போய்க் கைப்பிடியை மேலே தள்ளினாள். ஃபேன் சுற்றத் தொடங்கியது. பூர்ணிமாவின் துப்பட்டா பறந்தது. வாசல்வரை போன ஏகாம்பரநாதன் நின்றுவிட்டார்.

“இன்னா, யார்னா மந்திரி வராங்களா?” என்றார்.

இரண்டாம் மாடிக்குப் பெண்கள் வந்தார்கள். மெத்தைகளின் உறை கழன்றது, வடகம் மொட்டை மாடிக்கு ஏறியது. எலக்ட்ரீஷியனை வரவழைத்துத் தேய்க்கும் மேசைக்கு மட்டும் தனிச் சுவிட்ச் வைத்து, அதற்கு ஒரு பூட்டும் போட்டு, சாவியைச் சாரதா இடுப்பில் சொருகிக்கொண்டாள். விதிகளில் முதல் விதி மாறியது. சுகப்பிரியா அதை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பக்கத்திலும் மாற்றினாள். தணிகாசலத்துக்குச் சாரதாவே பாபுவின் நம்பரைக் கொடுத்தாள். பலகையில் இருக்கும் பேருக்கு ஏற்ற மாதிரி ஒரு வீடு கிடைக்குமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஏகாம்பரநாதன் சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள் படுத்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை. மறுபடி பஸ்சுக்கே போய்விட்டார்.

பத்து மணி ஆனால் இப்போதும் சாரதாவின் கை இரும்புப் பெட்டிவரை போகும். கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போய், கிழிந்துபோன பேப்பருக்குக் கீழே இருக்கும் பித்தானை அழுத்தி, பெண்கள் ஓடவிட்டுப் போன அந்தக் கம்ப்யூட்டரையாவது அணைத்துவிட்டு வருவாள்.